கொண்டி வெளிப்பக்கம்

ஒரு வீட்டுக்குள் நுழைந்து மூன்று நிமிஷம் நின்றால் போதும், அந்த வீட்டுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன் என்று நெடுங்காலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான். கல்முனைப் பக்கத்தில் ஒரு அரசாங்க வீடமைப்புக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலை. அளவு நாடா, சின்னச் சுத்தியல், டோர்ச், எழுதும் பலகை, இவ்வளவும்தான் ஆயுதம். சுவரைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்தே பூச்சு எங்கே விட்டிருக்கிறது என்று சொல்வேன். கலியாண வீடுகளில் ஆட்கள் என்னை மூலைக்கு இழுத்துப்போய்த் தங்கள் வீட்டு வெடிப்பைப் பற்றி ஆலோசனை கேட்பார்கள். நான் புரியாணியை மென்றுகொண்டே தீர்ப்புச் சொல்வேன். சுவருக்கு உள்ளே இருக்கிற மனிசரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் பார்த்ததில்லை.

எங்கள் பொறுப்பில் ஒரு மாடி வீட்டுத் திட்டம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டினது. கடற்கரையோரம் வளவும் கிணறுமாய் வாழ்ந்த சனங்களைக் கொண்டுவந்து ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கிவைத்தோம். திறப்பு விழாவில் எல்லாரும் புதுவாழ்வு புதுவாழ்வு என்று பேசினார்கள். கட்டடத்தின் தரம் எப்படியென்றால், மேல் மாடியில் ஒருவர் தும்மினால் கீழ் மாடியில் இருப்பவர் 'யர்ஹமுகல்லாஹ்' என்று வாழ்த்தலாம். இதை எதற்குச் சொல்கிறேனென்றால், மூன்றாம் மாடி வீடொன்றில் நடந்தது தங்களுக்குக் கேட்கவே இல்லை என்று பிறகு அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள்.

அந்த வீட்டிலிருந்து முதல் முறைப்பாடு வந்தது அறைக் கதவைப் பற்றி. கதவு பிளந்துவிட்டது, மாற்றித் தரவேண்டும். நான் போனேன். வீட்டுக்காரர் மீன் வியாபாரி. சொந்தமாகக் கூலர் லொறி வைத்து, எங்கள் கடலில் பிடிபடுகிற மீனை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய்வருகிறவர். எனக்கு முந்தி ஸலாம் சொன்னார். கதிரையைத் தன் தோளில் கிடந்த துவாயால் துடைத்துப் போட்டார்.

"சேர் மாதிரி ஆக்கள் இரிக்கிறதாலதான் எங்கட சனம் நிம்மதியா இரிக்கி" என்றார்.

இப்படிச் சொல்கிற மனிசன் கெட்டவனாக இருக்க முடியுமா? என் கணிப்பு அத்தோடு முடிந்தது.

மனைவி குசினி வாசலில் நின்றாள். சின்ன உருவம், நாற்பதுக்குக் கிட்ட வயது. முந்தானையைத் தலையில் இறுக்கிப் போட்டிருந்தாள். அவளைப் பார்த்துத்தான் கேட்டேன், "கதவு எப்படித் தங்கச்சி உடைஞ்ச?"

"காத்து சேர்" என்றார் கணவர். "இந்த மாடியில அடிக்கிறது பேய்க் காத்து."

அறை ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கு வெளியே கம்பி வலை வேறு. காற்று எந்த வழியால் வந்தது என்று நான் கேட்கவில்லை. 'காற்றினால் ஏற்பட்ட சேதம்' என்று எழுதினேன். கதவின் கொண்டியைப் பார்த்தேன். அறைக்கு உள்பக்கம் இருக்கவேண்டிய கொண்டி வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கத்தில் ஆணி கழற்றின ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. அதையும் விடாமல் எழுதினேன்: 'கொண்டி பிழையான பக்கத்தில் பொருத்தப்பட்டுள்ளது. வீடு கட்டின கொந்தராத்துக்காரரின் கவனக்குறைவு.' சுவரில் ஒரு கலண்டர் இருக்கவேண்டிய உயரத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். பூச்சு உள்வாங்கி, தேங்காயளவில் ஒரு குழி. அளவு நாடாவை இழுத்து அளந்தேன். 'தரையிலிருந்து நாலடி பத்தங்குல உயரத்தில் பூச்சுச் சேதம். சீமெந்துக் கலவை தரக்குறைவு.'

இதைவிடத் துல்லியமாக யாரால் அளக்க முடியும்? அந்த வீட்டில் நாலடி பத்தங்குல உயரத்தில் யாருடைய தலை இருக்கிறது என்ற கேள்வி மட்டும் என் பலகையில் இருக்கவில்லை.

சில மாதம் கழித்து இரண்டாவது கதவும் போனது. இந்தமுறை கறையான் என்று எழுதினேன். ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்து, ஒரேயொரு வீட்டில், ஒரேயொரு கதவை மட்டும் தின்றுவிட்டுப் போகிற கறையானைக் கண்டுபிடித்த பெருமை உலகத்தில் எனக்கு மட்டும்தான்.

கதவு வேலைக்கு எங்களோடு வருகிற ஓடாவியார் வயதானவர். முந்தித் தோணி கட்டினவர். மரத்தைத் தொட்டாலே அதன் கதையைச் சொல்லுவார். உடைந்த கதவை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"சேர், கறையான் திண்டா மரம் மாவாப் போகும். இது கட்டையாப் பிளந்திரிக்கி. வெளியால நிண்டு உதைச்ச உதை."

"அப்படியா?"

"நிலத்தப் பாத்தீங்களா? அலுமாரிய இழுத்த கீறல் இரிக்கி. உள்ளுக்கு இருந்த ஆள் அலுமாரியக் கதவுக்கு அணைச்சு வெச்சிரிக்கா. இவர் உதைச்சிரிக்கார்."

நிலத்துக் கீறலையும் நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். 'தளபாடங்களைக் கவனமின்றி நகர்த்தியதால் தரைக்குச் சேதம்.'

"ஓடாவியார், கதவு போடுற உங்கட வேலை, ரிப்போட் எழுதுற என்ட வேலை" என்றேன்.

அவர் பீடியைப் பற்றவைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி என்னோடு கனநாள் கதைக்கவில்லை.

மூன்றாவது கதவுக்கு விண்ணப்பம் வந்தபோது எங்கள் பெரியவருக்குக் கோபம் வந்தது. பெரியவர் என்பது கந்தோர்த் தலைவர். அவருக்குக் கதவு எண்ணிக்கைதான் கண்ணில் பட்டது. "அரச சொத்துக்குச் சேதம் விளைவிக்கிற குடியிருப்பாளர். எச்சரிக்கைக் கடிதம் ஒண்டு அனுப்புங்க" என்றார். அழகான கடிதம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. 'மீண்டும் இவ்வாறு நிகழுமிடத்து ஒதுக்கீட்டை இரத்துச் செய்ய நேரிடும்' என்று முடித்து, கணவரின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தோம். வேலை நடந்ததென்ற திருப்தியோடு பிளேன்ரீ குடித்தோம்.

அந்தக் காலத்தில்தான் அறுகம்பேயில் ஒரு ஹோட்டலில் பயிற்சிப் பட்டறை என்று அழைப்பு வந்தது. வீடமைப்பு வேலை செய்கிறவர்கள் குடும்ப வன்முறையை எப்படி அடையாளம் காண்பது, கண்டால் என்ன செய்வது என்பது தலைப்பு. எங்கள் கந்தோரில் ஒருவரும் போக விரும்பவில்லை. "சாப்பாடு நல்லம் எண்டு கேள்வி" என்று பெரியவர் என்னைத் தேர்ந்தெடுத்தார். நான் தகுதியானவன்தான்.

மூன்று மொழியிலும் எழுதின பதாகை, மேடையைவிட நீளம். முதலில் நாங்கள் வட்டமாக நின்று ஒரு பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து அறிமுகமாகிக்கொண்டோம். தலை நரைத்த பொறியியலாளர்கள் பந்துக்குப் பாய்வதைப் பார்க்க நன்றாக இருந்தது. பிறகு குழு வேலை. ஒவ்வொரு குழுவும் ஒரு பெரிய தாளில் தீர்வு எழுதவேண்டும். எங்கள் குழு கால் மணித்தியாலம் ஆழ்ந்து ஆலோசித்து 'விழிப்புணர்வு' என்று எழுதியது. பக்கத்துக் குழுவும் 'விழிப்புணர்வு'. ஐந்து தாளிலும் அதே சொல். ஒரு குழு மட்டும் அதைச் சிவப்பில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்காரர் பலகையில் அலையேறிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பகல் சாப்பாட்டுக்கும் வட்டிலப்பத்துக்கும் பிறகு திருகோணமலையிலிருந்து வந்த ஒரு பெண் பேசவந்தார். மெலிந்த மனிசி. பந்து எறியச் சொல்லவில்லை.

"வீட்டுக்குள்ள நடக்கிறது பொலிசுக்குத் தெரியாது, பள்ளிவாசலுக்குத் தெரியாது, கோயிலுக்கும் தெரியாது" என்றார். "ஆனா நீங்க உள்ளுக்குப் போறீங்க. கையில ஒரு அளவு நாடா இருந்தா உங்களை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க. அறை வரைக்கும் போறீங்க. போய் என்ன பாக்கிறீங்க?"

திரையில் படங்கள் ஓடின. திரும்பத் திரும்ப மாற்றின ஒரு கதவு. சுவரில் ஒரு குழி. தொலைபேசி இணைப்பை அறுத்த கம்பி. அடுத்தது, அறைக்கு வெளிப்பக்கம் போட்ட கொண்டி.

நான் பக்கத்தில் இருந்தவரின் விலாவில் இடித்துச் சிரித்தேன். "கொந்தராத்துக்காரன்ட வேலையப் பாருங்க. எங்கட திட்டத்திலயும் இப்படி ஒண்டு இரிக்கி."

மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டுவிட்டது.

"சேர், எந்தக் கொந்தராத்துக்காரன் ஆள் படுக்கிற அறைக்கு வெளியில கொண்டி போடுவான்? ஆட்டுக்கொட்டிலுக்குத்தான் அப்படிப் போடுற."

மண்டபம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். காற்று, கறையான், சீமெந்துக் கலவை, நாலடி பத்தங்குலம். நான் எழுதின எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. என் அறிக்கைகளை யாராவது ஒரு தடவை ஒழுங்காக வாசித்திருந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று அவர்களுக்கு விளங்கியிருக்கும். அவற்றை எழுதினவனுக்கு மட்டும் விளங்கவில்லை.

எப்படிக் கேட்பது என்பதையும் அந்தப் பெண் சொன்னார். தனியாக இருக்கும்போது கேளுங்கள். அவன் இருக்கிற இடத்தில் ஒருக்காலும் கேட்காதீர்கள். சொன்னால் நம்புங்கள். என்ன செய்வதென்று அவள் தீர்மானிக்கட்டும், நீங்கள் தீர்மானிக்காதீர்கள். எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டேன். சான்றிதழும் தந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, குறித்ததையெல்லாம் மேசையில் வைத்துவிட்டு, பதற்றத்தில் நேரே அந்த வீட்டுக்குப் போனேன். கணவர் இருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் அதில் உட்கார்ந்துகொண்டு, அவர் முன்னாலேயே கேட்டேன்.

"தங்கச்சி, வீட்டுல ஏதும் பிரச்சின இரிக்கா?"

கணவர் சிரித்தார். மனைவியின் பக்கம் திரும்பி, மிகவும் மென்மையாகச் சொன்னார், "சேர் கேக்கிறார். சொல்லன்."

அவள் நிலத்தைப் பார்த்தாள். "இல்ல சேர். ஒரு பிரச்சினையும் இல்ல."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. 'நேரில் விசாரிக்கப்பட்டது. பிரச்சினை எதுவுமில்லை' என்று எழுதி, கையொப்பமும் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னலுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த ஓடாவியாரிடம் பெருமையாகவே சொன்னேன், கேட்டுவிட்டேன் என்று.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஆருக்கு முன்னால கேட்டீங்க?"

சொன்னேன்.

"நீங்க கேட்டுட்டு வந்திட்டீங்க சேர். அவ அங்கதான் இரிக்கா" என்றார்.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் என்னை ஒருவரும் இப்படி அடித்ததில்லை.

எங்கள் கந்தோரில் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு லிகிதர் அம்மா இருக்கிறார். கடிதக் கோவைகளின் ராணி. எந்தக் கடிதம் எந்த அலுமாரியில் தூங்குகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் போய் முழுவதையும் சொன்னேன். கறையானையும் மறைக்கவில்லை. அவர் சிரிக்காமல் கேட்டுமுடித்தார்.

"அவரிட லொறி எந்த நாள் மலைநாட்டுக்குப் போற?"

ஓடாவியாரிடம் விசாரித்துச் சொன்னேன். அந்த நாளில் அந்தக் கட்டடம் முழுக்கத் தண்ணீர்க் குழாய் பரிசோதனை என்று அறிவித்தல் ஒட்டினோம். ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் ஊர் கதைக்கும், ஆகவே பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கவேண்டும் என்றார் லிகிதர்.

"நீங்க வாயத் திறக்காம சுவர அளந்துகொண்டு நிண்டாப் போதும் சேர். அதுதானே உங்களுக்கு நல்லா வாற."

அப்படியே நின்றேன். அளக்கத் தேவையில்லாத ஒரு சுவரை நாலு தடவை அளந்தேன். லிகிதர் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குள் இரண்டு பெண்களும் கதைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்காரியின் மகள் வருகிற நேரம் வரைக்கும் தண்ணீர் ஓடியது.

திரும்பிவரும்போது ஓட்டோவில் வைத்து லிகிதர் சொன்னார். முதலாவது கதவுக்கு முந்திக் கொண்டி உள்பக்கம்தான் இருந்ததாம். கணவர் கை ஓங்குகிற நேரம் அவள் ஓடிப்போய் உள்ளுக்குப் பூட்டிக்கொள்வாள். கதவை உடைத்துவிட்டுக் கொண்டியை அவர் வெளிப்பக்கம் மாற்றினார். புதுக் கதவு போட்ட பிறகும் அப்படியே. அதற்குப் பிறகு, அவர் லொறியோடு போகிற நாட்களில் சில நேரம் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து திறந்துவிடும். தற்செயலாய், அப்படிப் பூட்டாத ஒரு நாளில்தான் லிகிதரும் நானும் போயிருக்கிறோம், அதுவும் எங்கள் திறமையில்லை.

"இன்னொண்டும் சொன்னா" என்றார் லிகிதர், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "எங்கட எச்சரிக்கைக் கடிதம் வந்த அண்டைக்குத்தான் அவட கை முறிஞ்சதாம். கந்தோரில போய் என்ன சொன்னாய் எண்டு கேட்டு அடிச்சதாம்."

ஓட்டோ சாய்ந்தமருதுச் சந்தியைத் தாண்டியது. அந்தக் கடிதத்தின் கடைசி வசனத்தை இரண்டு தரம் திருத்தி எழுதினவன் நான்.

"சரி, அவவை எங்கயாவது பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புவம்" என்றேன் கடைசியில்.

"அவ போக மாட்டாவாம். எல்லாரும் போ போ எண்டுதான் சொல்றாங்களாம். என்ட வீட்ட விட்டு நான் ஏன் போகோணும் எண்டு கேக்கிறா. நீங்க பதில் சொல்லுங்க சேர்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணத்தின்போது மகளுக்குத்தான் வாப்பாவும் உம்மாவும் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அங்கே வந்து சேருவார். நானும் அப்படிப் பெட்டியோடு போனவன்தான். இன்றைக்கும் என் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். கோபம் வந்தால் அவள் ஒருக்கால் நிலைக்கதவைப் பார்ப்பாள், எனக்கு விளங்கும். இந்தப் பெண்ணுக்கும் கடற்கரையில் உம்மா கொடுத்த சீதன வீடு இருந்தது. கடல் அதை எடுத்தது. அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் மாடி வீடு. அப்படியென்றால் அது அவளுடையதுதானே?

லிகிதர் கோவையை எடுத்துத் தூசி தட்டினார். பயனாளி என்ற இடத்தில் கணவரின் பெயர். காரணம் எளிது. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கோடு இருந்தது. கூடாரத்துக்குக் கூடாரம் போய் அந்தப் படிவங்களை நிரப்பின இளம் உத்தியோகத்தர், தலைவர் என்றால் ஆண்தான் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கையெழுத்தைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. அது என்னுடையது.

"கடல் எடுத்த மிச்சத்த நீங்க எடுத்திருக்கிறீங்க சேர்" என்றார் லிகிதர். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

பெரியவரிடம் போனோம். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது குடும்ப விஷயம். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில கந்தோர் போகப்படாது."

"கடிதம் அனுப்பி ஏற்கெனவே நடுவில போயிட்டம் சேர்" என்றேன்.

"அது சொத்து விஷயம்."

"பூட்டு மாத்திக் கொடுக்கலாமா?"

"பதிவிலுள்ள பயனாளி கையொப்பம் வெச்சு விண்ணப்பிச்சா மாத்தலாம்."

அதாவது, அடிக்கிறவர் தன்னை வெளியே வைத்துப் பூட்டும்படி எழுத்தில் கேட்கவேண்டும். சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது என்றார். சுற்றறிக்கையை எடுத்துக் காட்டச் சொன்னார் லிகிதர். பெரியவர் தேடினார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் அந்தப் பெண் சொன்ன வேகத்தில்தான் நடந்தது. அவள் அவசரப்படவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும் என்றாள். பிரதேச செயலகத்தில் பெண்கள் விஷயங்களைப் பார்க்கிற உத்தியோகத்தர் இரண்டு தரம் எங்கள் கந்தோருக்கே வந்து, தண்ணீர்க் கட்டணப் பிரச்சினைக்கு வந்தவள்போல வந்த இவளைச் சந்தித்தார். என் பங்குக்கு, என் பழைய அறிக்கைகளைத் திருத்தி எழுதினேன். காற்று இல்லை, கறையான் இல்லை, கொந்தராத்துக்காரரின் பிழை இல்லை. வெளியிலிருந்து உதைத்ததால் மூன்று கதவுகள், தலை மோதியதால் சுவர்ச் சேதம், ஆளை உள்ளே அடைப்பதற்காக மாற்றப்பட்ட கொண்டி. சோதனை முடிந்ததும் அவள் வழக்குப் போட்டாள். நீதிமன்றத்தில் அவளுடைய சட்டத்தரணி அந்த அறிக்கையைத்தான் முதலில் காட்டினாராம். நீதவான் வாசித்துவிட்டு, இந்த உத்தியோகத்தர் இதற்கு முந்தி என்ன எழுதினார் என்று கேட்டாராம். நல்லவேளை, நான் அந்த நாள் லீவு.

கணவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. பொலிசார் அதை அவர் கையில் கொடுத்த மறுநாள் காலை, பூட்டு மாற்ற ஓடாவியாரும் நானும் படியேறினோம். 'தீ விபத்து நேர்ந்தால் உயிராபத்தை விளைவிக்கும் பொருத்தல்களை அகற்றுதல்' என்று வேலைக் கட்டளை எழுதியிருந்தேன். தீயைப் பற்றி எழுதினால் யாருடைய கையொப்பமும் தேவையில்லை. இத்தனை வருஷம் பழகின கந்தோர்த் தமிழ் அன்றைக்குத்தான் ஒரு மனிசிக்கு உதவியது.

வாசல் பூட்டை மாற்றிவிட்டு ஓடாவியார் அறைக் கதவுக்குப் போகும்போது, கீழே லொறி வந்து நின்றது. கணவர் மேலே வரவில்லை. கட்டளையைப் பற்றி அவருக்குத் தெரியும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடும்பப் பிணக்குகளைப் பார்க்கிற மரைக்காரை அனுப்பினார். மரைக்கார் நல்ல மனிசன், ஊரில் மதிப்பானவர், முழங்கால் வருத்தம். மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார்.

"புள்ள, கோட்டு கச்சேரி எண்டு போறது நமக்கு அழகில்ல" என்றார். "புருஷன் கொஞ்சம் கோபக்காரன்தான். சபூர் செய்யுங்க, பொறுமையா இரிங்க."

அவள் குசினி வாசலில் நிற்கவில்லை. நடு வீட்டில் நின்றாள்.

"நீங்க இரிங்க மரைக்கார், தண்ணி குடிங்க" என்றாள். "அதுக்குப் பிறகு அந்த அறைய ஒருக்காப் பாருங்க."

அவர் பார்த்தார். என்னைப் போலவே, அவருக்கும் ஒரு கதவுதான் தெரிந்தது. "என்ன, நல்ல கதவுதானே?"

ஓடாவியார் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார், "மரைக்கார், ஒருக்கா உள்ளுக்குப் போய் நிண்டு பாருங்க. பிழை அங்க இருந்து பாத்தாத்தான் தெரியும்."

மரைக்கார் போனார். ஓடாவியார் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அரச உத்தியோகத்தர் முன்னிலையில் பள்ளிவாசல் மரைக்கார் சிறைவைக்கப்பட்டார் என்று நாளைக்கு முகநூலில் வரப்போகிறது, என் ஓய்வூதியம் போகப்போகிறது என்று நினைத்தேன். உள்ளே முதலில் ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு கதவைத் தட்டுகிற சத்தம்.

"சரி, சரி. திறங்க."

யாரும் அசையவில்லை.

"ஓடாவி, திறங்க! மூச்சு முட்டுது!"

"ஆர் திறக்கிற மரைக்கார்?" என்றார் ஓடாவியார். "கொண்டி இஞ்சால இரிக்கி. திறக்கிற ஆள் லொறியோட கண்டிக்குப் போயிட்டார்."

உள்ளே சத்தம் அடங்கியது. அவர் அடைபட்டிருந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்தப் பெண்தான் போய்த் திறந்துவிட்டாள். மரைக்காருக்கு முகமெல்லாம் வியர்வை. தொப்பியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். அவளைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, கலண்டரை எடுத்துவிட்ட இடத்தில் தெரிந்த குழியைப் பார்த்தார். நான் பல மாதங்களாகப் பார்க்காததை அவர் அந்த நேரத்துக்குள் பார்த்துவிட்டார். சபூர் என்ற சொல் பிறகு அவர் வாயில் வரவில்லை.

கீழே இறங்கிப் போனவர் லொறிக்குப் பக்கத்தில் நின்ற கணவரிடம் சொன்னது மூன்றாம் மாடிவரை கேட்டது. நான் சொன்னேனே, அந்தக் கட்டடத்தில் எல்லாம் கேட்கும். "உங்கட உம்மாட வீட்டுக்குப் போங்க. நான் கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கப்படாது."

எல்லாம் அத்தோடு இனித்துவிட்டது என்று சொன்னால் பொய். அந்த மனிசன் இன்னும் இரண்டு தரம் வந்து கீழே நின்று சத்தம் போட்டார். ஒரு தரம் பொலிசார் வந்து கூட்டிப்போனார்கள். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் அவர் பக்கம்தான். அவ்வளவு மரியாதையாக ஸலாம் சொல்கிற மனிசன் அடிப்பாரா என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. காதியார் முன்னிலையில் மணமுறிவு நடக்கக் கனகாலம் பிடித்தது. மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறது. அந்தப் பெண் வீட்டிலிருந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். முறைப்பாட்டுப் புத்தகத்தில் அவள் வீட்டுக் கதவைப் பற்றி ஒரு வரிகூடப் பிறகு வரவில்லை.

எங்கள் பெரியவர்தான் இந்தக் கதையில் மிகவும் வளர்ந்தவர். அடுத்த பட்டறையில் 'எமது கந்தோரின் வெற்றிக் கதை' என்று மேடையேறி இருபது நிமிஷம் பேசினார். நான் பின்வரிசையில் இருந்து கைதட்டினேன். கந்தோர் மண்டபத்தில் ஒரு விழா வைத்து, கமராவுக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு தையல் மெஷின் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. அவளிடம் போய்ச் சொல்லும்படி என்னை அனுப்பினார். இந்த ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு திரும்பிவந்திருக்கலாம். போய்ச் சொன்னேன்.

அவள் இடியப்பத் தட்டை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள், "எனக்குத் தைக்கத் தெரியா சேர். மெஷின வெச்சு என்ன செய்யிற?"

"ஒரு படம் எடுக்கத்தான் தங்கச்சி."

"படத்த விடுங்க. வீட்டு உறுதிப் பத்திரம் என்ட பேருக்கு எப்ப வரும்?"

பெயர் மாற்றத்துக்கான கோவையை நானும் லிகிதரும் மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். சீதன வீட்டின் பழைய அத்தாட்சி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், படிவத்தைப் பிழையாக நிரப்பியது நான்தான் என்று என் கையொப்பத்தோடு ஒரு வாக்குமூலம், எல்லாம் அதில் இருக்கிறது. மேலிடத்திலிருந்து ஒரு பதில் வந்தது. விண்ணப்பதாரர் குடும்பத் தலைவர்தானா என்பதை உறுதிப்படுத்தி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். உறுதிப்படுத்தி அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் ஒரு நினைவூட்டல் கடிதமும் போடுகிறேன், என் அழகான கையெழுத்தில்.